கடலோரச் சாலையில் காடுகளின் வரலாறு

சென்னையிலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்து வந்தவர்களிடம், வழியில் என்ன கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சவுக்குத் தோப்பு என்பார்கள். சவுக்கு இல்லாத சோழமண்டலக் கரையை இன்று நம்மால் எண்ணிப் பார்க்கவே முடிவதில்லை. ஆனால் சவுக்கு இந்தக் கரைக்கு உரிய மரமன்று. ஆஸ்திரேலியாவும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளும் அதன் தாயகம். 1856-ம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. நீராவி என்ஜினுக்கு விறகு வேண்டும். நகரத்து அடுப்புகளுக்கும் வேண்டும். கடற்கரை மணலிலும் விரைந்து வளரக்கூடிய மரம் எது என்று தேடியவர்களுக்குச் சவுக்கு கைகொடுத்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருகிறது. அதனால்தான் சத்தற்ற மணலிலும் அது செழிக்கிறது.

அப்படியானால் சவுக்குக்கு முன் இந்தக் கரையில் என்ன இருந்தது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து கோடிக்கரை வரை, ஏறத்தாழ 350 கி.மீ. தொலைவு, ஒரு பயணம் போய் வருவோம். மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. மூன்று நாள் கையில் இருந்தால் போதும்.

சாலைக்கு முன் கால்வாய்

சாலையே வயதில் இளையது. மீனவக் குப்பங்களையும் உப்பளங்களையும் தொட்டுக் கிடந்த சிறு சாலைகளை 1990-களின் இறுதியில் இணைத்து, அகலப்படுத்தித்தான் இது இன்றைய உருவம் பெற்றது. அதற்கு முன் இந்தக் கரையின் நெடுஞ்சாலை தண்ணீரில் இருந்தது. முட்டுக்காட்டுப் பாலத்தைக் கடக்கும்போது வலப்பக்கம் தெரியும் பக்கிங்ஹாம் கால்வாய்தான் அது. 1806-ல் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், பிறகு அரசின் கைக்கு வந்து, வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீண்டது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களைக் கூலிக்கு அமர்த்தி 1877-78-ல் வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. இந்தக் கால்வாயில்தான் உப்பும் சவுக்கு விறகும் படகு படகாகச் சென்னைக்குப் போயின.

சாலையின் இடப்பக்கம் கடற்கரை. நீலாங்கரை முதல் தெற்கே மாமல்லபுரம் வரையுள்ள மணல், பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடம். தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை, இரவில் நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள பெண் ஆமை கரையேறி, பின்கால்களால் குழி பறித்து, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. சுமார் 45 முதல் 55 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பமே.

1970-களின் தொடக்கத்தில் சென்னையில் ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளம் நண்பர்களும் இரவெல்லாம் இக்கரையில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துப் பொரிக்கச் செய்தார்கள். அக்காலத்தில் ஆமை முட்டை உணவுக்காக விலைபோயிற்று. நாய்களும் நரிகளும் தோண்டித் தின்றன. அந்த இரவு நடை 1988-ல் மாணவர்களின் அமைப்பாக உருப்பெற்று இன்றும் தொடர்கிறது. இதே விட்டேக்கர் 1976-ல் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையையும் வழியில் பார்க்கலாம்.

முட்டைக்கு இருந்த ஆபத்து குறைந்தது. வேறு இரண்டு ஆபத்துகள் வளர்ந்தன. பொரித்த குஞ்சு வெளிச்சமான திசையை நோக்கி ஊர்வது இயல்பு. இருண்ட கரையில் வெளிச்சம் என்பது வானொளி பட்டு மின்னும் கடல்தான். சாலை வந்து, விடுதிகளும் மாளிகைகளும் வந்து, விளக்குகள் எரியத் தொடங்கிய பின் குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கி ஊர்ந்தன. மற்றொன்று, கடலுக்குள் இழுவை மடி. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. வலையில் சிக்கி நீருக்கடியில் கிடந்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். 2025-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சென்னையையும் அதை அடுத்த கரைகளையும் சேர்த்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் அகப்பட்ட ஆமை மட்டும் தப்பிச் செல்ல வழிவிடும் கருவி இருக்கிறது. ஆனால் மீனும் கொஞ்சம் அதன் வழியே போய்விடும் என்று பலர் அதைப் பொருத்துவதில்லை.

ஒரு கவுலும் ஓர் ஏரியும்

மாமல்லபுரம் தாண்டிய பின் சாலையை விட்டு மேற்கே உள்நாட்டுக்குள் திரும்பினால் மதுராந்தகத்துக்கு அருகில் வேடந்தாங்கல். கடலோரப் பயணத்தில் ஏன் ஓர் ஏரி என்று கேட்கலாம். காரணம் உண்டு. நாம் தேடுவது எவை எப்படிப் பிழைத்தன என்பதை. அதற்கு எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று இந்த ஊரில்தான் இருக்கிறது.

18-ம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுச் சீமை கம்பெனி ஆட்சியில் இருந்தது. சிப்பாய்கள் இவ்வூர் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுடுவது வழக்கமாயிற்று. ஊரார் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். 1798-ல் அவர், ஏரிப் பறவைகளை யாரும் சுடலாகாது என்று ஊராருக்கு உரிமை அளிக்கும் கவுல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1858-ல் வேறொரு கலெக்டர் அதைப் புதுப்பித்தார். 1936-ல் அரசு இதைச் சரணாலயமாக ஏற்றது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஏற்பட்ட ஆண்டு 1872 என்பதை நினைத்தால், வேடந்தாங்கல் குடியானவர்கள் பெற்ற அந்தத் தாளின் மதிப்பு விளங்கும்.

அவர்கள் முறையிட்டது பறவைகளிடம் கொண்ட இரக்கத்தால் மட்டுமன்று. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் இரவும் பகலும் தண்ணீரில் விழுகிறது. நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது எருவும் சேர்ந்தே பாய்கிறது. பறவை குறைந்தால் நெல் குறையும் என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறவைகள் இங்கு வந்து குஞ்சு பொரிக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். பெரியவர்களும் சொல்லக் கேட்கிறோம். நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா ஆகியவையே இங்குக் கூடு கட்டுபவை. இவை நம் நாட்டுப் பறவைகளே. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் சில வாத்தினங்கள் இங்கே தங்கி இரை தேடுவதோடு சரி. கூடு கட்டுவதெல்லாம் தம் வடநாட்டு ஊரில்தான்.

ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். இவ்வளவு பறவைக்கும் இரை இந்த ஏரியில் கிடைக்காது. சுற்றுப்புற ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து போய்த்தான் அவை மீனும் நத்தையும் கொண்டு வருகின்றன. அதனால்தான் 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கி.மீ. வரையுள்ள நிலமும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020-ல் அந்த 5 கி.மீ.யை மூன்றாகக் குறைக்கும் யோசனை எழுந்தபோது பெரும் எதிர்ப்புக் கிளம்பியதும் அதனால்தான்.

அய்யனாரின் காடும் கல்லான மரமும்

மீண்டும் கடலோரச் சாலைக்கு வந்து, மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரியை நோக்கிப் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு என்ற ஊர். இங்குள்ள மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றியிருக்கும் மரக்கூட்டத்தைப் பலர் கவனியாமலே கடந்துவிடுகிறார்கள். நம் கேள்விக்கான விடை இங்கே நிற்கிறது.

காசான், வீரை போன்ற மரங்களும் அடர்ந்த கொடிகளும் பின்னிய குட்டையான காடு இது. உயரம் அதிகமில்லை, இலைகள் சிறியவை, தோல் போலத் தடித்தவை. வைகாசி வெயிலிலும் பசுமை மாறாது. இதில்தான் விந்தை. பசுமைமாறாக் காடு என்றால் ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்ய வேண்டும் என்பது பாடநூல் விதி. இந்தக் கரையிலோ ஐப்பசி, கார்த்திகை மாத மழைதான் பெருமழை. மற்ற மாதங்கள் பெரும்பாலும் வறட்சி. கடற்காற்றின் ஈரமும், நீரிழப்பைத் தடுக்கும் தடித்த இலையும், ஆழமான வேரும் கொண்டு இம்மரங்கள் காலம் தள்ளுகின்றன. உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். சோழமண்டலக் கரையின் உண்மையான பழங்காடு இதுவே. விறகுக்கும் உழவுக்கும் சவுக்குக்கும் இடம் கொடுத்து அது மறைந்துவிட்டது. எஞ்சிய துண்டுகள் பெரும்பாலும் கோயில் காடுகளாகவே எஞ்சின. சுள்ளி ஒடித்தால் சாமி குத்தம் என்ற அச்சம், வன இலாகாவின் சட்டம் வருமுன்பே வேலை செய்திருக்கிறது.

1955-ல் ஏற்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலார் இக்காடுகளை முறையாகப் பட்டியலிட்டனர். 1968-ல் அருகில் தோன்றிய ஆரோவில்லில், செம்மண் அரித்துக் கிடந்த மேட்டு நிலத்தில் முதலில் ஆஸ்திரேலிய வேல மரங்களை நிழலுக்கு வளர்த்து, அதனடியில் இந்தக் கரைக்குரிய மரங்களை விதையிட்டு வளர்த்தார்கள். கோயில் காடுகள் எஞ்சியிராவிட்டால் அந்த விதைக்கு எங்கே போவது?

இங்கிருந்து மேற்கே ஒரு சிறு சுற்றுச் சுற்றினால் திருவக்கரை. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடம். 1781-ல் பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் சொன்னரா இவற்றை முதன்முதலில் உலகுக்கு எழுதினார். நம் காட்டுக்கோழியின் விலங்கியல் பெயரில் இருப்பவரும் இவர்தான். மரங்கள் மணலிலும் சேற்றிலும் புதைந்தபின், நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து படிந்தது. மரம் போயிற்று, அதன் இழையமைப்பு மட்டும் கல்லில் நின்றது. வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதால், இவை இங்கே வளர்ந்தவையல்ல, பெருவெள்ளத்தில் உருண்டு வந்தவை என்பது புவியியலார் முடிவு.

பிச்சாவரத்தில் நடந்த தவறு

கடலூர் தாண்டிச் சிதம்பரம். இந்த ஊருக்குத் தில்லை என்றொரு பெயர் உண்டல்லவா? தில்லை என்பது ஓர் உப்பங்கழி மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. தலமரமாகிய அதை இயற்கையாகக் காண வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் கழிக்காடு நகரத்தின் பக்கம் வரை பரவியிருந்தது என்று எண்ண இடமுண்டு.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் அமைந்த அலையாத்திக் காடு பிச்சாவரம். படகில் போனால் இரு கரையிலும் சுரபுன்னையின் வில் போன்ற தாங்கு வேர்கள் தெரியும். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, சேற்றில் விழுந்து குத்தி நிற்கும். சற்று உள்ளே வெண்கண்டல் மரங்களின் மூச்சு வேர்கள் ஈட்டி முனைகள்போல் சேற்றிலிருந்து நிமிர்ந்திருக்கும்.

படகில் போகிறவர்கள் காண்பது கால்வாய் ஓரத்துப் பசுமையை. அதற்குப் பின்னால் 1980-களில் பரந்த மொட்டை நிலம் கிடந்தது. காடு அழிந்ததற்கு யார் காரணம்? மாடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1988-ல் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பழைய வன ஆவணங்களைப் புரட்டி, நிலத்தையும் அளந்து பார்த்தபோது வேறு காரணம் வெளிப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு 1970-கள் வரை இக்காடு கூப்பு கூப்பாகப் பிரித்து, முறை வைத்து, அரசின் திட்டப்படியே மொட்டையாக வெட்டப்பட்டிருந்தது. மலைக்காட்டில் இம்முறையில் வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், விதை விழுந்து முளைக்கும். கழிக்காட்டில் நடந்ததே வேறு. மரநிழல் போனதும் வெயில் பட்டுச் சேறு காய்ந்தது. ஈரம் இழந்து கீழே அமிழ்ந்தது. நடுவில் தாழ்ந்து ஓரம் உயர்ந்த தாம்பாளம் போல் நிலம் ஆயிற்று. பேரலையில் உள்ளே வந்த உப்பு நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மேலும் மேலும் ஏறியது. அந்த உப்பில் அலையாத்தி விதையும் முளைக்காது. கண்டு நட்டாலும் பட்டுப்போனது.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. 1990-களில் வனத்துறையும் அந்நிறுவனமும் ஊர் மக்களுடன் சேர்ந்து, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் மீன் முள்ளைப்போல் சிறு வாய்க்கால்களும் வெட்டின. அலை வந்து போக வழி பிறந்தது. தேங்கிய உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. பழி சுமந்த மக்களின் கைகளே இந்த வாய்க்கால்களை வெட்டின என்பதைப் படகுக்காரர்கள் சொல்வதில்லை. நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது, இக்காட்டின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வொன்று மரங்களே அலையைத் தடுத்தன என்றது. அடுத்த ஆண்டே வேறு சிலர் மறுத்தனர்: அந்த ஊர்கள் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன, காப்பாற்றியதில் அவற்றுக்கே பெரும் பங்கு என்று. இரண்டையும் பிரித்து அளப்பது கடினம். புயலலையை இம்மரங்கள் தணிக்கும் என்பதில் ஐயமில்லை; பேரலைக்கு எதிரான சுவராக அவற்றை நம்பி அதன் முன்னே வீடு கட்டுவது அறிவுடைமை ஆகாது.

கோடிக்கரை

தெற்கே தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த ஊர். லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-ல் இங்கு மருத்துவராக வந்து, இந்தக் கரையின் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இன்று நாம் வழங்கும் பல தாவரவியல் பெயர்களுக்கு அந்தக் காய்ந்த இலைகள் மூலம். கோட்டையைப் பார்த்துவிட்டுக் காரைக்கால், நாகப்பட்டினம் வழியே வேதாரணியம் சேரலாம். திருச்சியிலிருந்து நடந்து வந்து 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பெடுத்த ஊர்.

அதற்கும் தெற்கே, நிலம் முடியும் இடத்தில் கோடிக்கரை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அறிமுகமான காடு. இங்கே பாலை மரங்கள் நிற்கும் காடும் நாம் புத்துப்பட்டில் கண்ட உலர் பசுமைமாறாக் காடேதான். அங்கே ஒரு கோயிலளவு, இங்கே காடளவு. காட்டை ஒட்டி உவர் புல்வெளி, அதில் வெளிமான்கள். கரிய முதுகும் முறுக்கிய கொம்பும் கொண்ட ஆண் மான் துள்ளி ஓடுவதைக் காண்பதற்கென்றே இங்கு வரலாம். முதன்மையாக அவற்றுக்காகத்தான் 1967-ல் இது சரணாலயமாயிற்று. அடுத்துள்ள சதுப்பில் குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் கூடுகின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சாலிம் அலியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் இங்கே முகாமிட்டு, ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்ந்தார்கள். 2002-ல் இது தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாயிற்று.

சதுப்பு முன்போல் இல்லை. 1934-ல் மேட்டூர் அணை எழுந்தது தொடங்கி, மேலே நீர் தேங்கத் தேங்கக் காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்தது. சுற்றிலும் உப்பளங்கள் பெருகின. உவர்ப்பு மாறினால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் மாறும். அவற்றை அலகால் வடித்துத் தின்னும் பூநாரைக்கு இரை தட்டும்.

புல்வெளியின் எதிரி வேறு. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக் கருவேலம், சவுக்கைப் போலவே விறகுக்கென்று இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கே நாட்டுக் குதிரைகள் தலைமுறைகளாகக் காட்டுப் பிராணிகளாய்த் திரிகின்றன. எவரோ எப்போதோ வளர்த்து விட்டுப்போன மட்டக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை. கருவேலங்காய் இனிப்பானது. குதிரை அதைத் தின்று, செரிக்காத விதையைப் புல்வெளியெங்கும் சாணத்தோடு விதைக்கிறது. மானின் புல்லையும் மேய்கிறது. புல்வெளி புதராகிறது, திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கும் மானுக்குப் புதரில் வாழ்வில்லை. மரம் பெருகினால் நல்லது என்று பொதுவாக நாம் எண்ணுகிறோம். இங்கே வனத்துறையினர் மரத்தைப் பிடுங்குகிறார்கள்.

2004 பேரலையில், சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த பழைய கலங்கரை விளக்கின் எச்சம் இடிந்து விழுந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இக்கரையில் ஏறியபோது மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பறவைகளும் வெளிமான்களும் மாண்டன. சில மான்களின் உடல்கள் கடலில் மிதந்து வடக்கே காரைக்கால் கரையில் ஒதுங்கின.

காட்டின் நடுவே இராமர் பாதம் என்றொரு மணல் மேடு இருக்கிறது. சில மீட்டர் உயரந்தான், ஆனால் இந்த வட்டாரத்தில் அதைவிட உயர்ந்த இடமில்லை. மாலையில் அதன் மேல் நின்றால் ஒரு பக்கம் பாலைக்காடும் மறு பக்கம் சதுப்பும் தெரியும். இங்கே கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. வங்கக் கடல் முடிந்து பாக்கு நீரிணை தொடங்குகிறது. அந்தப் பக்கம் முத்துப்பேட்டையில் பிச்சாவரத்தைவிடப் பெரிய அலையாத்திக் காடு உண்டு. அங்கும் கூப்பு வெட்டினார்கள், அங்கும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும்.